தைத்த நோன்பு

என் முதுகில் ஒரு கை இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேயே இருந்தது. நான் படுத்ததும் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை என் முதுகில் வைத்துவிடுவாள். தட்டிக்கொடுக்க மாட்டாள், தடவ மாட்டாள், சும்மா வைத்திருப்பாள். நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிறாளாம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வெயில் காலத்தில் அந்தக் கை இருக்கிற இடம் மட்டும் வேர்த்து நனைந்துவிடும். "தூங்கிட்டியா புள்ளே?" என்பாள். "தூங்கிட்டேன்" என்பேன். பதில் வந்துவிட்டதே, மூச்சு இருக்கிறது என்று அவளுக்கு நிம்மதி. தூங்குகிறவள் பதில் சொல்வாளா என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உம்மா தூங்கி நான் பார்த்ததே கிடையாது. நான் கண்ணை மூடும்போது விழித்திருப்பாள், திறக்கும்போதும் விழித்திருப்பாள். உம்மாமார்கள் தூங்கவே மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவையில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மீன் கண்ணை மூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பெரிய அதிசயம் போலச் சொன்னபோது, போடி, எங்க உம்மாவும்தான் மூட மாட்டா என்றேன்.

எங்கள் வீடு பர்மாவில், யாங்கூன் நகரத்தின் மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், மாடியில் இருந்தது. ஜன்னலோரம் உம்மாவின் தையல் மெஷின். ரயில் போகும்போது மெஷின் மேலிருக்கும் கத்திரிக்கோல் கிணுகிணுவென்று தானே ஆடும். வாப்பாவுக்கு லான்மடா கடைத்தெருவில் கடை. நூல், பொத்தான், ஜிப்பு, ஊசி. வாப்பா விற்பதை உம்மா தைப்பாள், மிச்சத் துணியில் எனக்குச் சட்டை வரும். எந்தச் சட்டையானாலும் மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். பாதிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். உம்மா குனிந்து என் உதட்டின் நிறத்தைப் பார்ப்பாள்.

என் இதயத்தில் ஓட்டை இருந்தது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். "அது எப்படி இருக்குன்னு பார்க்கணும்." "அதுக்கு ஒரு வழி பண்ணணும்." ஏதோ மாடியில் குடியிருக்கிற வாடகைக்காரனைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். சத்தமாகப் பேசினால் குழந்தைகளுக்குக் காது கேட்காது, கிசுகிசுத்தால்தான் துல்லியமாகக் கேட்கும். அப்படிக் கேட்டுத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அதை மூடலாமா கூடாதா என்று தெரிய வேண்டுமானால் முதலில் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தொடையில் சின்னதாகத் துளைத்து, நூல் மாதிரி ஒரு குழாயை ரத்தக் குழாய் வழியாகவே இதயம் வரைக்கும் விட்டு, அழுத்தத்தை அளப்பார்கள். நுரையீரல் பக்கம் அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டிப் போயிருந்தால் அப்புறம் மூட முடியாது. மூடினால் ஆபத்து. காலம் கடந்துவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள்.

"காலம் கடந்திருக்குமோ?" என்று உம்மா கிசுகிசுத்தாள். வாப்பா கடைக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

வெளிநாட்டிலிருந்து சில டாக்டர்கள் யாங்கூன் வந்திருந்த வாரம் அது. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்யப்போகிறார்கள், எனக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்று வாப்பா ஓடிவந்து சொன்னார். வியாழக்கிழமை. அன்றைக்கு விட்டால் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், இன்னொரு தடவை எப்போது வருவார்களோ அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஒரே ஒரு நிபந்தனை. மயக்க மருந்து கொடுப்பதால் விடிந்த பிறகு எதுவும் வாயில் படக்கூடாது, தண்ணீர்கூட.

இங்கேதான் சிக்கல். எனக்குப் பசி தாங்காது. சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் தெருவே எட்டிப் பார்க்கும்படி அழுவேன். அழுதால் மூச்சு முட்டும். உம்மா ஒரு நாள் முழுக்க மெஷினை மிதிக்காமல் யோசித்தாள். புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள்.

"நாளைக்கு வியாழக்கிழமை. நான் நோன்பு பிடிக்கிறேன். நீயும் பிடிக்கிறியா?"

எனக்கு மேலுக்கும் கீழுக்கும் குதிக்கலாம் போலிருந்தது. குதிக்கத்தான் முடியாதே. போன ரமலானில் நான் போட்ட சண்டை வீட்டுக்கே தெரியும். என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் முதல் நோன்பு பிடித்து, புதுச்சட்டை போட்டு, கழுத்தில் பூமாலையோடு வீடு வீடாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். எனக்கு மட்டும் அரை நோன்பு. மதியம் பாங்கு சொன்னதும் சோறு ஊட்டிவிடுவார்கள். "ரெண்டு அரை நோன்பைத் தைச்சா ஒரு முழு நோன்பு" என்று உம்மா சமாதானம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லித்தான் சோறு போடுவது. ஒட்டுப்போட்ட நோன்பு யாருக்கு வேணும் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

"முழு நோன்புதானே? தைக்கிறது கிடையாதுல்ல?"

"முழு நோன்பு."

விடிவதற்கு வெகுமுன்னால் என்னை எழுப்பிச் சோறும் முட்டையும் ஊட்டினாள். டாக்டர் சொன்ன கெடுவும் நோன்புக்கு முந்தின சாப்பாடான சஹர் முடிகிற நேரமும் அப்படியே பொருந்திவந்தன. "உன் மூளையே மூளை" என்று வாப்பா அசந்துபோனார். உம்மா சொல்லச்சொல்ல, நோன்பு பிடிக்கிறேன் என்று நானும் நிய்யத் சொன்னேன். விடியற்காலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்கு கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். அன்று காலை யாங்கூனிலேயே பெரிய மனுஷி நான்தான்.

டாக்சியில் போகும்போது தெருக்கள் பாதித் தூக்கத்தில் இருந்தன. பனிமூட்டத்துக்குள்ளிருந்து பிக்குகள் வரிசையாக வந்து, திரும்பப் பனிக்குள்ளேயே போனார்கள். மோஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கிறவளின் அண்டாவிலிருந்து ஆவி எழுந்து தெரு விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. மீன் வாசனை. வாசனை உள்ளே போனால் நோன்பு முறியுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். "என்னா புள்ளே, மூச்சு முட்டுதா?" என்று உம்மா பதறிப்போனாள். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் எச்சில் வரும், எச்சிலை விழுங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பர்மியப் பெண் எனக்கு பிஸ்கட் நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட கம்பீரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கரண்ட் போயிற்று. மெஷின்கள் நின்றுவிட்டன, காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கென்ன, நான்தான் நோன்பாளியாயிற்றே. தாழ்வாரம் இருண்டு, ஆட்கள் நிழல்களாக நடந்தார்கள். பசி வயிற்றுக்குள் முதலில் கிள்ளியது, பிறகு பாட்டுப் பாடியது, பிறகு தூரத்தில் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. உடம்பு லேசாகி, நான் கட்டிலைவிட்டுக் கொஞ்சம் மேலே இருப்பது போலிருந்தது. "மீ லா பீ!" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கத்தியது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். யாங்கூனில் எவ்வளவு பெரிய மனிதரானாலும் அந்தச் சத்தத்தைப் போட்டே தீருவார். மதியம் நெருங்கும்போது என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்த அறையில் ஜன்னலே இல்லை. டியூப் லைட் மட்டும். மயக்க மருந்து டாக்டர் ஒரு பர்மிய அம்மா. லேடி டாக்டரையும் டீச்சரையும் பர்மியில் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். சயாமாவின் கன்னத்தில், மரப்பட்டையை அரைத்துப் பூசும் தனக்கா காய்ந்து, இலை நரம்பு மாதிரி கோடு விட்டிருந்தது. கையில் ஒரு சின்னக் கோப்பை, அதில் சிவப்பாகச் சர்பத் மாதிரி மருந்து.

"குடி தமீ" என்றார். மகளே என்று அர்த்தம். "இனிப்பா இருக்கும். குடிச்சா தூக்கம் வரும்."

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"குடி புள்ளே" என்றாள் உம்மா.

பல்லைத் திறக்காமலேயே சொன்னேன்: "நோன்பு."

உம்மாவின் முகத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். அவள் தைத்த சட்டை அவளுக்கே கழுத்தில் மாட்டிக்கொண்டது.

"மருந்துக்காகத் திறக்கலாம் புள்ளே. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லே."

"நான் நோயாளி இல்லேன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவே?"

"அதுவும் சரிதான்" என்றார் வாப்பா மூலையிலிருந்து. உம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேச்சை விழுங்கிக்கொண்டார். ஆனால் வாப்பா வியாபாரி, சும்மா இருக்கத் தெரியாது. அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் இல்லை. முகம் மலர்ந்தது. மெதுவாக வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து, வெயிலில் அலைந்து களைத்தவர் போல உள்ளே வந்தார்.

"அட, பேசிக்கிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியலே. வெளிய இருட்டிப்போச்சு. மஃரிப் ஆயிடுச்சு, நோன்பு திறக்கலாம் புள்ளே!"

நான் நம்பவில்லை. "பாங்கு கேக்கலியே?"

"இங்க எப்படிக் கேக்கும், கதவெல்லாம் மூடியிருக்கு. இரு, நானே சொல்றேன்." மூலையில் போய் நின்று, காதில் கையை வைத்து, வெளியே யாருக்கும் கேட்காதபடி மெல்லிய குரலில் ஆரம்பித்தார். வாப்பாவுக்கு நல்ல குரல். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உண்மையிலேயே சாயங்காலம் ஆகிவிட்டது போல, வெளியே காக்கைகள் அடைவது போல. நான் பாதி நம்பிவிட்டேன். அப்போது வாப்பா, விடியலில் கேட்டது இன்னும் காதிலேயே நின்றதோ என்னவோ, வழக்கம்போல அடுத்ததையும் சொல்லிவிட்டார். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது.

"வாப்பா, இது சுபுஹு பாங்கு!"

வாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னைத் தூங்கவைக்க வந்த மனிதர், தூக்கத்தைவிட மேலானது எது என்று எனக்கு எடுத்துச் சொல்லிவிட்டார். அந்த வரி விடியற்காலைப் பாங்கில் மட்டும்தான் வரும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், வாப்பாவின் புளுகு பாங்கு முடிகிற வரைக்கும்கூட நிற்கவில்லை.

"யா அல்லாஹ்! இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்!" என்றாள் உம்மா. "பொய்யும் சொல்லி, அதையும் ஒழுங்கா சொல்லத் தெரியலே. பொய் சொன்னதுக்கு அல்லாஹ்கிட்ட தவ்பா கேட்டுக்கிட்டு வெளிய போய் இருங்க!" வாப்பா தவ்பா கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

அவர் போனதும்தான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. உம்மாவின் பர்மி, மீன் வாங்குவதற்கும் சட்டைக்கு அளவெடுப்பதற்கும் மட்டும் போதுமானது. எனக்குப் பர்மி தண்ணீர் பட்ட பாடு. சயாமா சொல்வதை உம்மாவுக்கும், உம்மா சொல்வதைச் சயாமாவுக்கும் நான்தான் சொல்லியாக வேண்டும். என்னை எப்படித் தூங்கவைப்பது என்ற ஆலோசனைக்கு நானே மொழிபெயர்ப்பாளர்.

"ஊசி போட்டுடச் சொல்லு" என்றாள் உம்மா, கண்ணை மூடிக்கொண்டு. சொன்னேன்.

சயாமா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, நான் சொல்வதற்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஊசி இருக்கு. ஆனா இவள் அதோட சண்டை போட்டு, அரைத் தூக்கத்துல விசும்பிக்கிட்டே இருந்தா, உள்ளே அழுத்தம் ஏறிடும். ரொம்ப ஆழமா மயக்கினாலும் அளவு மாறிடும். வீட்டுல தூங்குற மாதிரி அமைதியா தூங்கினாத்தான் இதயம் உள்ளதைச் சொல்லும். அளவு ஏறிப்போச்சுன்னா, மூட முடியாதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. அது தப்பான முடிவா இருந்தாலும்."

நான் கெட்டிக்காரி. ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். "அழுதா அளவு ஏறிடுமாம். ஏறினா மூட முடியாதுன்னு சொல்லிடுவாங்களாம்."

"எதை?" என்றாள் உம்மா. தெரியாமல் இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னோட ஓட்டையை" என்றேன்.

எங்கள் வீட்டு மனிதர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் அன்றுதான் முதலில் வந்தது. அதுவும் என் வாயிலிருந்து. சொல்லிவிட்ட பிறகுதான், நான் யாரோ ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. உம்மா அழவில்லை. என் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் அது அப்படிப் பிடித்து நான் அறிந்ததில்லை. பயமாகிவிட்டது எனக்கு. ஆனாலும் மருந்துக்கு வாய் திறக்கவில்லை. நிய்யத் சொல்லியாயிற்று. ஏழு வயதில் சொன்ன சொல்லைவிடப் பெரியது எதுவும் கிடையாது.

"ஏன் குடிக்க மாட்டேங்குறே தமீ?" என்று சயாமா கேட்டார்.

பர்மியில் விரதத்துக்கு உபோ என்பார்கள். "நான் உபோ" என்றேன்.

சயாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நானும் இன்னிக்கு உபோதான்" என்றார். "நாங்க காலையில சாப்பிடுவோம். மதியம் திரும்பினதுலேர்ந்து மறுநாள் விடியிற வரைக்கும் சாப்பாடு தொட மாட்டோம்."

உம்மாவுக்குச் சொன்னேன். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணி வெட்டுவதற்கு முன்னால் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"காலையிலேர்ந்து இப்போ வரைக்கும் உன்னுது" என்றாள் என்னிடம். "இனிமே மஃரிப் வரைக்கும் அவங்களுது. தைச்சா ஒரு முழு நோன்பு. கேளு அவங்ககிட்ட, சம்மதமான்னு."

"தைக்கிறது கிடையாதுன்னு நீ சொன்னே."

"ரெண்டு அரையையும் நீயே பிடிச்சாத்தான் அது ஒட்டு. இது ரெண்டு பேர் சேர்ந்து பிடிக்கிறது. ஊர்ல யாரு இப்படிப் பிடிச்சிருக்கா சொல்லு?"

யாரும் பிடித்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் லேசுப்பட்டவளா? சயாமாவைக் கேள்வி கேட்டேன். "தண்ணி குடிப்பீங்களா?"

"உபோவுல தண்ணி குடிக்கலாம்."

"எங்க நோன்புல கூடாது."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். அன்று முழுக்க அவருக்கு வேலை, இன்னும் எத்தனையோ குழந்தைகள். "சரி, தண்ணியும் இல்லே" என்றார். "எப்போ குடிக்கலாம்னு நீதான் எனக்குச் சொல்லணும். வந்து கேப்பேன்."

உம்மா காற்றில் ஊசியில் நூல் கோத்தாள். என் சட்டை ஓரத்தையும் சயாமாவின் வெள்ளைக் கோட்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, இல்லாத ஊசியால் ஒரு தையல் போட்டு, முடிச்சிட்டு, இல்லாத நூலைப் பல்லால் அறுத்தாள். சயாமாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"பிஸ்மில்லாஹ் சொல்லு. நோன்பு திறக்குறப்போ அல்லாஹ்கிட்ட கேக்குற துஆ வீணாப் போகாது. கேட்டுக்க" என்றாள் உம்மா. எதைக் கேட்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றுதான் கேட்கலாம் என்று நானாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, மனசுக்குள் ஒன்று கேட்டேன். கோப்பையை வாங்கிக் குடித்தேன். முதலில் இனித்தது, அடியில் கசந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

கட்டில் உருள ஆரம்பித்தது. அது ரயில்தான், சந்தேகமில்லை. தன்லியின் என்ற ஊருக்குப் போகும் ஆற்றுப் பாலத்து ரயில், ஒரு தடவை வாப்பா கூட்டிக்கொண்டு போனாரே. கீழே தண்ணீர் கறுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாக என் முகத்தின் மேல் வந்து, பார்த்துவிட்டுப் போயின. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிற சைக்காக்காரர்கள் தங்கள் வண்டியிலேயே சுருண்டிருந்தார்கள். காக்கைகள் கம்பியில் வரிசையாகக் கண்ணை மூடியிருந்தன. கடைத்தெருவில் பொத்தான்கள் டப்பாவுக்குள் தூங்கின. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரயில் பாதையில் ரயில்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. உம்மா மட்டும் விழித்திருந்தாள். வெறுங்காலோடு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொருவர் முதுகிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். சைக்காக்காரன் முதுகில் வைத்தாள். ரயிலின் முதுகில் வைத்தாள். பாலத்துக்குக் கீழே இறங்கிப் போய் ஆற்றின் மேலேயும் வைத்தாள். ஆறு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. சரி, இருக்கு என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த முதுகுக்குப் போனாள். எத்தனை முதுகுகள்! அவள் எப்போது உட்காருவாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

நடுவில் ஒரு தடவை மேலே வந்தேன் போலிருக்கிறது. யாரோ இங்கிலீஷில் எண்கள் சொன்னார்கள். தள்ளி ஒரு டிவி. அதில் சாம்பல் நிறத்தில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது, கறுப்பு நூல் ஒன்று அதற்குள் போய்க்கொண்டிருந்தது. பயம் வரவில்லை. உம்மா தைக்கிறா என்று நினைத்தேன். என் நெற்றியில் ஒரு கை இருந்தது, தனக்கா வாசனையோடு. "தூங்கு தமீ, நான் இன்னும் குடிக்கலே" என்று ஒரு குரல் சொன்னது. எனக்குப் பெருத்த நிம்மதி. திரும்ப ரயிலில் ஏறிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது வார்டு முழுக்க மஞ்சள் வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழல் என் போர்வை மேல் நீளமாகக் கிடந்தது. ஒரு காலை அசைக்க முடியவில்லை. தொடையில் கட்டு, அதன் மேல் கனமாக ஒரு மணல் பை. பக்கத்தில் ஸ்டூலில் உம்மா. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"முழிச்சிட்டியா?"

"இன்னும் இல்லே" என்றேன்.

உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "காலை நீட்டியே வெச்சிருக்கணும், அசைக்கக் கூடாதாம்" என்றாள். வாப்பா எங்கே என்று கேட்டேன். டாக்டர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், கீழே போயிருக்கிறார் என்றாள். அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு பேரீச்சம்பழம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள்.

கதவில் வாப்பா வரவில்லை, சயாமா வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு, லோஞ்ஜிக் கைலியும் தோள்பையுமாக, வீட்டுக்குப் போகிற கோலத்தில். நடையில் களைப்பு. என் நாடியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, திறக்காமல், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குடிக்கலாமா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெயில் இருந்தது. "இன்னும் இல்லே."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மூன்று பேரும் வெளிச்சம் சுவரில் ஏறி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் செம்மையாகி, செம்மை சாம்பலாயிற்று. எங்கோ பின்தெருப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டேன். விடியற்காலை வரி வரவில்லை. நிஜமான மஃரிப்.

"குடிங்க சயாமா."

அவர் குடித்த மாதிரி தண்ணீரை யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்து என் உதட்டையும் நனைத்தார். "நம்ம நோன்பு முடிஞ்சுது" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவருடைய உபோ விடிகிற வரைக்கும் இருக்கிறது என்பது, அவர் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உம்மா பழத்தை வாயில் வைக்கவில்லை. "திற உம்மா, பாங்கு சொல்லியாச்சு" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வாப்பா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூடலாமாம்" என்றார்.

"என்னா?"

"அழுத்தம் கூடித்தான் இருக்காம். ஆனா எல்லை தாண்டலையாம். புள்ள நல்லா அமைதியா தூங்கினதால அளவு சுத்தமா கெடச்சுது, மூடலாம்னு சொல்லிட்டாங்க."

"திருப்பிச் சொல்லுங்க."

"மூடலாம்."

"இன்னொரு தடவை."

வாப்பா சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, பழத்தைப் பாதி கடித்து, மீதிப் பாதியை என் வாயில் வைத்தாள். என் ஆயுளில் அப்படி ஒரு பழம் அப்புறம் தின்றதில்லை.

"மருந்து குடிக்கிறப்போ என்ன துஆ கேட்டே புள்ளே?" என்றாள். குரல் ஒரு மாதிரி குழைந்திருந்தது.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டிப் போ. எனக்குத் தெரியும். அதானே கேட்டே? அது..." என்றபடி, என் கை ஓரத்தில் மெத்தையில் தலையைச் சாய்த்தாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நான் காத்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பேரீச்சங்கொட்டை உள்ளங்கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சன்னமாகக் குறட்டை வந்தது. உம்மாவுக்குக் குறட்டை வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது.

வாப்பா குனிந்து அவள் தோளைத் தொடப்போனார். "மஃரிப் தொழுகை நேரம் போயிடும், எழுப்புறேன். தூக்கத்தைவிடத் தொழுகை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நான் உதட்டில் விரலை வைத்தேன். "எழுப்பாதீங்க வாப்பா. இப்போதான் மருந்து வேலை செய்யுது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரி, கொஞ்ச நேரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் தொழுவதற்கு இடம் தேடினார்.

காலை அசைக்கக் கூடாது, கையை அசைக்கலாம். எட்டின மட்டும் நீட்டி, உள்ளங்கையை உம்மாவின் முதுகில் வைத்தேன். தட்டவில்லை, தடவவில்லை, சும்மா வைத்திருந்தேன். மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது. நான் கையை எடுத்துவிட்டால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு அவள் எத்தனை காலம் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தொழுதுவிட்டு வந்த வாப்பா இருட்டில் எங்கள் இருவரையும் பார்த்தார். "தூங்கிட்டியா புள்ளே?" என்று மெல்லக் கேட்டார்.

"தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு விழித்திருந்தேன்.